ஆகஸ்டுக்குக் கொடி வாங்குவது: பெங்களூரு கடைவீதியில் எது தேறும், எது தேறாது

ஆகஸ்ட் பிறந்ததும் மாமூல்பேட்டை, சிக்பேட்டைப் பக்கம் கால் வைக்க இடமிருக்காது. ஒரு கடையில் வரலட்சுமி அம்மன் முகம், அடுத்ததில் ராக்கிக் கொத்து, இரண்டுக்கும் நடுவே நடைபாதையில் கட்டுக் கட்டாக மூவர்ணக் கொடி. 2024-இல் சுதந்திர தினத்துக்கு மறுநாளே வரலட்சுமி நோன்பு, திங்கட்கிழமை ராக்கியும் ஆவணி அவிட்டமும். 2025-இல் எட்டாம் தேதி நோன்பு, ஒன்பதாம் தேதி மற்ற இரண்டும், அடுத்த வெள்ளி கொடியேற்றம். நாட்டுக்கு ஒன்று, அம்மனுக்கு ஒன்று, அண்ணன் தம்பிக்கு ஒன்று என்று ஒரே பையில் எல்லாம் சேர்ந்துவிடும் மாதம் இது.

நோன்புச் சாமான் வாங்க நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கலசச் சொம்பின் கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்தே விலை பேசுவார்கள். கொடி விஷயத்தில்தான் அந்தக் கறார் காணாமல் போய்விடுகிறது. கிடைத்ததை வாங்கி, பால்கனிக் கம்பியில் கேபிள் டை போட்டுக் கட்டி, மழையில் நனையவிட்டு, பதினாறாம் தேதி என்ன செய்வதென்று தெரியாமல் பரணில் ஏற்றிவிடுகிறோம். அதனால் இந்த விமர்சனத்தில் பெரும்பங்கு கொடிக்கு. ராக்கி டப்பாவும் இனிப்பும் கடைசியில் கொஞ்சம்.

முதலில் அளவு. நீளம் மூன்று பங்கு, உயரம் இரண்டு பங்கு. இது மாறக் கூடாது. தரநிலையில் ஒன்பது அளவுகள் உண்டு. 6300×4200 மில்லிமீட்டரில் தொடங்கி 150×100 வரை இறங்கும். கடைசியில் இருப்பது மேசைக் கொடி. 225×150 அமைச்சர், நீதிபதி போன்றோரின் காருக்கு. நம் காருக்கு அல்ல. வீட்டுக்குப் பொருந்துவது 900×600, கடைக்காரர் மொழியில் ‘மூணுக்கு ரெண்டு’. சின்ன பால்கனி என்றால் 450×300 போதும். தபால் அலுவலகம் 2022-இல் 25 ரூபாய்க்குக் கொடுக்கத் தொடங்கிய 30×20 அங்குலக் கொடி இந்த ஒன்பதில் வராது. ஆனாலும் விகிதம் சரி, ஆகவே தாராளமாக ஏற்றலாம். நடைபாதையில் அடுக்கி வைத்திருப்பவற்றில் 36×20 அங்குலமும் சதுரத்துக்குப் பக்கத்தில் வரும் ஒன்றும் கலந்திருக்கும். துணி ரோலில் மிச்சம் விழாமல் வெட்டுவதற்காகச் செய்யும் வேலை அது. கையில் டேப் இல்லாவிட்டால் கொடியை நீளவாக்கில் மூன்றாக மடியுங்கள். ஒரு மடிப்பின் அகலம், கொடி உயரத்தில் சரிபாதி வர வேண்டும். வராவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அடுத்து சக்கரம். பெரும்பாலான மலிவுக் கொடிகள் இங்கேதான் தோற்கின்றன. 900×600 கொடியில் வெள்ளைப் பட்டையின் உயரம் 200 மில்லிமீட்டர், சக்கரத்தின் விட்டம் 185. அதாவது மேலும் கீழும் ஒரு சுண்டுவிரல் அகலம்கூட இடைவெளி இருக்காது. சக்கரம் பட்டையை ஏறக்குறைய நிரப்பி நிற்கும். கடையில் விரித்துப் பார்த்தால் பாதிக் கொடிகளில் நடுவே பொட்டு வைத்த மாதிரி ஒரு சின்ன வட்டம்தான் தெரியும். ஆரங்கள் 24 இருக்க வேண்டும். கால் வட்டத்தில் ஆறு இடைவெளி இருக்கிறதா என்று எண்ணினால் போதும், முழுக்க எண்ண வேண்டாம். நிறம் கருநீலம். கறுப்பாகவோ வானநீலமாகவோ அச்சடித்தவை நிறையவே புழங்குகின்றன. கடைசியாக, கொடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இரண்டு பக்கச் சக்கரமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார வேண்டும். இரட்டைக் கோடாகத் தெரிந்தால் அச்சு நகர்ந்திருக்கிறது. பின்பக்கம் வெளிறித் தெரிந்தால் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்துச் சாயம் ஊறியதை வைத்து ஒப்பேற்றியிருக்கிறார்கள்.

கதர்

கர்நாடகத்தில் இருக்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை பெற்ற கதர்க் கொடி தயாராகும் இடம் இந்த மாநிலத்திலேயே, ஹுப்பள்ளியின் பெங்கேரியில் இருக்கிறது. கர்நாடக கதர் கிராமோத்யோக சம்யுக்த சங்கம் 1957-இல் தொடங்கியது. கொடி தயாரிப்புக்கான சான்று 2006-இல் வந்தது. அங்கே கை நூற்பு, கை நெசவு, வெளுத்துச் சாயம் தோய்த்தல், சக்கரம் அச்சிடல், தையல், கயிறு கோத்தல் என்று ஆறு கட்டம். மூன்று நிறமும் தனித்தனித் துணி. காவியும் பச்சையும் சாயத் தொட்டியிலிருந்து வருகின்றன, வெள்ளையில் சக்கரம் அச்சாகிறது, பிறகு மூன்றையும் சேர்த்துத் தைக்கிறார்கள். விலை பாலியஸ்டரைப் போலப் பல மடங்கு ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அந்த விலை நியாயமான விலைதான்.

கதர் பண்டாரில் வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில உண்டு. கம்பத்தை ஒட்டிய ஓரத்தில் பழுப்பு வெள்ளை நிறத்தில் தடித்த கதரில் ஓர் உறை இருக்கும். அதற்குள் கயிறு ஓடும். மேல்முனையில் ஒரு மரத் தக்கை, கீழ்முனையில் கயிற்று வால். தக்கை எந்தப் பக்கமோ அதுதான் மேல், அங்கேதான் காவி வர வேண்டும். இந்த ஒரு அடையாளத்தை வாட்ச்மேனுக்குச் சொல்லிக் கொடுத்தாலே தலைகீழ்க் கொடி என்கிற அவமானம் ஒழிந்துவிடும். அடுத்தது நூல். கையால் நூற்ற நூல் ஒரே தடிமனாக இருக்காது. வெளிச்சத்தில் பிடித்தால் ஆங்காங்கே தடித்தும் மெலிந்தும் ஓடுவது தெரியும். ஒரே சீராக, கண்ணாடி போல இருந்தால் அது மில் பருத்தி. மில் பருத்தியில் கொடி செய்வது தப்பில்லை, அதைக் கதர் விலைக்கு விற்பதுதான் தப்பு. கதர் மார்க் அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். ரசீதில் ஜிஎஸ்டி போட்டிருந்தால் அதையும் கேளுங்கள். தேசியக் கொடிக்கு அந்த வரி கிடையாது. கதர் மட்டுமின்றி இயந்திரத்தில் செய்த பாலியஸ்டர் கொடிக்கும் கிடையாது என்று 2022 ஆகஸ்டில் நிதி அமைச்சகம் தெளிவாகவே சொல்லிவிட்டது.

கதரின் குறை என்ன? ஈரம். பெங்களூரு ஆகஸ்டில் தூறல் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நனைந்த கதர் கனத்துப் போய்க் கம்பத்தோடு ஒட்டித் தொங்கும். காய அரை நாள் ஆகும். சாயம் சரியாகப் பிடிக்காத துணி என்றால் காவி வெள்ளையில் இறங்கிவிடும், அதன்பிறகு ஒன்றும் செய்ய முடியாது. முன்கூட்டியே சோதிக்க ஒரு வழி உண்டு. வெள்ளைக் கைக்குட்டையின் முனையை நனைத்துப் பிழிந்து, பச்சைப் பட்டையின் தையல் மடிப்பில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் அந்தக் கொடி மழைக்கு ஆகாது, வராந்தாவுக்கோ ஹாலுக்கோதான் லாயக்கு. எதிர்பாராமல் நனைந்துவிட்டால் சுருட்டி வைக்காதீர்கள், துணி காயப்போடும் கயிற்றிலும் தொங்கவிடாதீர்கள். காவி வெள்ளைக்கு இறங்குவதே அப்படித் தொங்கும்போதுதான். தரையில் பெட்ஷீட் விரித்து, அதன்மேல் துண்டு போட்டுக் கொடியைப் படுக்கவைத்து, இன்னொரு துண்டால் ஒற்றி எடுத்து, ஃபேன் காற்றில் காயவிடுங்கள்.

ஆக, காலையில் ஏற்றி மாலையில் இறக்கும் வீட்டுக்கும் குடியிருப்புச் சங்கத்துக்கும் கதருக்கு நிகர் இல்லை. பதின்மூன்றாம் தேதி கட்டிப் பதினைந்தாம் தேதி அவிழ்க்கிற பால்கனிக்கு அது வேண்டாம். பெரிய அளவு தேவைப்படும் சங்கங்கள் ஜூலையிலேயே சொல்லிவைத்துவிடுவது நல்லது. ஆகஸ்ட் இரண்டாம் வாரம் போனால் ஒன்று மேசைக் கொடி இருக்கும், அல்லது அரசு அலுவலகத்துக்கான ராட்சச அளவு இருக்கும்.

பாலியஸ்டர்

2021 டிசம்பர் 30-க்கு முன் இதைப் பற்றி எழுதவே தேவையிருந்திருக்காது. அன்று கொடி விதியைத் திருத்தி, இயந்திரத்தில் செய்ததும் பாலியஸ்டரும் ஆகும் என்றார்கள். 2022 ஜூலையில் இன்னொரு திருத்தம் வந்தது. வீட்டில் ஏற்றும் கொடி இரவிலும் பறக்கலாம். இந்த இரண்டும் சேர்ந்துதான் பால்கனிக் கொடிக்கு வழி திறந்தன. கதர்க்காரர்களுக்கு இதில் மனத்தாங்கல் உண்டு, அது நியாயமும்கூட. ஆனால் பத்தாவது மாடியில் மேற்குப் பார்த்த பால்கனியில் மூன்று நாள் தென்மேற்குக் காற்றைத் தாங்க வேண்டிய கொடி என்று வந்தால் பாலியஸ்டர்தான். நனைந்தாலும் பத்து நிமிடக் காற்றில் உதறிக்கொண்டு மறுபடி பறக்கும்.

இதில் கெடுவது மூன்று இடங்களில். முதலாவது, கம்பத்துக்கு எதிர் ஓரம். காற்றில் சாட்டை மாதிரி அடிபடுவது அந்த முனைதான். மலிவுக் கொடிகளில் அங்கே துணியை மடித்துத் தைக்காமல் சூட்டில் வெட்டி விட்டிருப்பார்கள், ஒரே நாளில் நூல் பிரிந்து தொங்கும். வாங்கும்போது அந்த ஓரத்தை விரலால் தடவுங்கள். மடித்து இரண்டு வரி தையல் இருந்தால் எடுங்கள். ஒரு வரிதான் என்றால் தெருமுனை டெய்லரிடம் இன்னொரு வரி ஓட்டச் சொல்லுங்கள். அந்தந்தப் பட்டைக்கு அந்தந்த நிற நூல் போட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளை நூலை மேலிருந்து கீழ்வரை இழுத்துவிடுவார். கிழிந்த கொடியைப் பறக்கவிடக் கூடாது என்பது விதி. ஓரம் பிரிந்த அன்றே இறக்கிவிட வேண்டும்.

இரண்டாவது, உறையின் மேல் மூடி. பைப்பின் கூர்முனை அதைக் குத்திக் கிழித்து வெளியே வந்துவிடும். கைத்தடிக்குப் போடுகிற ரப்பர் புஷ் ஒன்றை பைப் நுனியில் மாட்டினால் தீர்ந்தது. ஹார்டுவேர் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

மூன்றாவது, சுற்றிக்கொள்வது. கொடி மட்டம் என்று எழுதப்படும் புகார்களில் பெரும்பாலானவை உண்மையில் கம்பத்தைப் பற்றிய புகார்கள். உறை கம்பத்தில் இறுகப் பிடித்திருந்தால் காற்று திசை மாறும்போதெல்லாம் கொடி ஒரு சுற்றுச் சுற்றும். நாலு சுற்றில் கொடி காணாமல் போய், கம்பத்தில் துணிப்பந்தம் கட்டிய மாதிரி நிற்கும். அரை அங்குல எஃகுக் கம்பியைக் கிளாம்பில் இறுக்கி, அதன்மேல் முக்கால் அங்குல பிவிசி குழாயைத் தொளதொளவென்று செருகி, கொடியை அந்தக் குழாயில் மாட்டுங்கள். காற்று திரும்பினால் குழாயும் திரும்பும், கொடி சுற்றாது. உறையின் மேலும் கீழும் குழாயில் சின்னத் துளை போட்டு நூலால் கட்டிவிட்டால் கொடி சரிந்து கீழே வந்து குவியாது. வெறும் பிவிசி குழாயை மட்டும் நம்பி நீட்டினால் மூணுக்கு ரெண்டு கொடியின் இழுப்பில் அது வளைந்து தலைகுனிந்து நிற்கும். கேபிள் டையும் வேண்டாம், மழையில் வழுக்கும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் உலோகக் கிளாம்ப் இரண்டை ஒரு சாண் இடைவெளியில் போட்டு ஸ்குரூ டிரைவரால் முறுக்கினால் அசையாது. கீழே ஆள் நடமாடும் இடம் என்றால், கம்பியின் அடியை ஒரு நைலான் கயிற்றால் கைப்பிடிச் சுவரோடு தனியாகவும் கட்டிவிடுங்கள். பெஸ்காம் மின்கம்பி கைக்கெட்டும் தூரத்தில் ஓடும் பழைய அல்சூர், ஸ்ரீராமபுரம் சந்துகளில் இரும்புக் கம்பியை வெளியே நீட்டவே கூடாது. அங்கே ஜன்னலுக்கு உள்பக்கம் சுவரில் விரித்து மாட்டுவதுதான் சரி.

பால்கனியிலிருந்து சாய்வாக நீளும் கம்பத்தில், காவி கம்பத்தின் வெளி நுனிப் பக்கம் இருக்க வேண்டும். சுவரில் படுக்கையாக மாட்டினால் காவி மேலே. செங்குத்தாகத் தொங்கவிட்டால் பார்ப்பவருக்கு இடப்பக்கம் காவி. இந்தச் செங்குத்தில்தான் குழப்பம். வீட்டுக்குள் நின்று நமக்கு இடது என்று மாட்டினால் தெருவில் நிற்பவருக்கு அது வலது. கீழே இறங்கிப் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். சிவப்பு மஞ்சள் கன்னடக் கொடியும் ஏற்றுகிற குடியிருப்புகளில் இரண்டுக்கும் ஒரே கம்பம் கூடாது. தனிக் கம்பம் போட்டு, பார்ப்பவருக்கு இடப்பக்க ஓரத்தில் தேசியக் கொடி, மற்றது அதைவிட உயரக் கூடாது.

பளபளவென்று சாட்டினில் வரும் ஆன்லைன் கொடிகள் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. போட்டோவில் அழகு, வெயிலில் கண் கூசும், காவி ஆரஞ்சு மிட்டாய் நிறம். தங்கச் சரிகைக் குஞ்சம் தைத்து வந்தால் சந்தேகமே இல்லாமல் திருப்பி அனுப்புங்கள். சிக்னலில் விற்கும் பிளாஸ்டிக் கொடி 2022 ஜூலை 1 முதல் ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் தடைப் பட்டியலில் இருக்கிறது. கொடி விதியும் பிளாஸ்டிக்கை ஏற்பதில்லை. குழந்தை கையில் ஆட்டக் காகிதக் கொடி போதும். மாறுவேடப் போட்டிக்குக் கொடி காத்த குமரனாகப் பிள்ளையை அனுப்புகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: திருப்பூரில் அடிபட்டு 1932 ஜனவரியில் அவர் உயிர்விட்டபோது இருந்த கொடியில் நடுவே ராட்டை. அரசியல் நிர்ணய சபை சக்கரம் பொறித்த கொடியை ஏற்றது 1947 ஜூலை 22-இல். வெள்ளைப் பட்டையில் ராட்டை வரைந்த காகிதக் கொடி கொடுத்து அனுப்பினால் நடுவர் நிமிர்ந்து உட்காருவார்.

பூ வைத்து மடிக்கும் வித்தை

குடியிருப்புச் சங்கங்களில் வருடா வருடம் கெடுவது இந்த இடம். சீஃப் கெஸ்ட் இழுப்பார், கொடி அவிழாது. இன்னும் பலமாக இழுப்பார், கப்பி உடையும். கடைசியில் யாராவது ஏணி கொண்டு வருவார்கள்.

கொடிக்குள் பூவிதழ் வைக்க விதியில் தடையில்லை. சுதந்திர தினத்தில் கொடியைக் கீழிருந்து மேலே ஏற்றுவதும், குடியரசு தினத்தில் மேலேயே கட்டியதை அவிழ்ப்பதும் அரசு மரபு. பூ கொட்ட வேண்டும் என்பதற்காகவே நம் சங்கங்கள் ஆகஸ்டிலும் ஜனவரி முறையைப் பிடித்துக்கொண்டன. செய்வதென்றால் சரியாகச் செய்யலாம். மூணுக்கு ரெண்டு கொடிக்கு இரண்டு கைப்பிடி ரோஜா இதழ், அதுவும் துடைத்து உலர்த்தியது. செண்டுமல்லி வேண்டாம், அதன் காம்பு வெள்ளைப் பட்டையில் கறை விடும். கொடியை நீளவாக்கில் மடித்து, நடுவில் இதழைப் பரப்பி, எதிர் ஓரத்திலிருந்து உறையை நோக்கித் தளர்வாகச் சுருட்டுங்கள். தக்கையை மேல் கயிற்றின் வளையத்தில் மாட்டுங்கள், கீழ் வாலைக் கீழ்க் கயிற்றில் கட்டுங்கள். இப்போது அந்தக் கீழ்க் கயிற்றையே சுருளைச் சுற்றி ஒரே ஒரு சுற்று கொண்டுவந்து, அதன் அடியில் கயிற்றை மடக்கி ஒரு காதாகச் செருகிவிடுங்கள். செருக வேண்டும், முடிச்சுப் போடக் கூடாது. ஏற்றும்போது கீழ்க் கயிறு தொய்வாகவே இருக்க வேண்டும். அதைப் பிடித்து இழுத்தபடி ஏற்றினால் பாதி வழியிலேயே பூ கொட்டிவிடும். உச்சிக்குப் போனதும் கீழ்க் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் காது உருவிக்கொண்டு வரும், கொடி விரியும்.

இழுக்க வேண்டிய கயிற்றில் சிவப்பு நூல் கட்டி அடையாளம் வையுங்கள், வந்தவர் எந்தக் கயிறு என்று விழிக்க மாட்டார். பதினான்காம் தேதி மாலை பூ இல்லாமல் இரண்டு தடவை ஒத்திகை பார்த்துவிட்டு, பூவை மறுநாள் காலையில்தான் வைக்க வேண்டும். முதல்நாள் இரவே வைத்து மடித்தால் இதழ் வியர்த்துத் துணியோடு ஒட்டிக்கொள்ளும். பருத்திக் கயிறு மழையில் ஊறிப் பருத்துக் கப்பியில் சிக்கும். 6 மில்லிமீட்டர் நைலான் பின்னல் கயிறு வாங்குங்கள். நீளம், கம்ப உயரத்தைப் போல இரு மடங்குக்கு மேல் ஐந்தடி. கப்பிச் சக்கரம் பித்தளையாக இருந்தால் நல்லது.

இறக்கியபின் மடிப்பது எளிது. படுக்கையாகப் பிடித்து, காவியையும் பச்சையையும் வெள்ளைக்குப் பின்னால் மடித்து, பிறகு இரு பக்கமும் உள்ளே மடித்தால் சக்கரமும் அதன் மேலும் கீழும் கொஞ்சம் காவி, பச்சையும் மட்டும் தெரியும். உள்ளங்கையில் ஏந்திக் கொண்டுபோய் வைக்க வேண்டும். கதருக்குப் பழைய வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றி அலமாரி நல்லது; பிளாஸ்டிக் கவர் வேண்டாம், உள்ளே ஈரம் நின்று பூசணம் பிடிக்கும். வெளிச்சமும் ஈரமும் படாமல் வைத்தால் துணி எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு, 1947 ஆகஸ்ட் 15 அன்று சென்னைக் கோட்டையில் ஏறிய பட்டுக் கொடியைக் கோட்டை அருங்காட்சியகத்தில் இன்றும் போய்ப் பார்க்கலாம். கிழிந்து உதவாமல் போனதைக் குப்பை வண்டியில் போடக் கூடாது. யாரும் பார்க்காத தனியிடத்தில் மரியாதையாக எரித்துவிடச் சொல்கிறது விதி. பாலியஸ்டர் எரித்தால் உருகிச் சொட்டும், புகையும் நெஞ்சை அடைக்கும். மொட்டை மாடியில் தகரத் தட்டில் வைத்து, தள்ளி நின்று செய்யுங்கள்.

கிஃப்ட் டப்பாக்கள்

ராக்கி, மூவர்ண பேட்ஜ், சாக்லெட், ஒரு வாழ்த்து அட்டை என்று ‘ஆகஸ்ட் ஸ்பெஷல்’ டப்பா இப்போது எல்லா ஆப்பிலும் வருகிறது. பிரித்துப் பார்த்தால் டப்பாவின் எடைதான் அதிகம். சக்கரம் அச்சடித்த ராக்கி இதில் வரும். மணிக்கட்டில் நாலு நாள் கிடந்து, குளியலில் நனைந்து, பிறகு குப்பைக்குப் போகப்போகிற பொருளில் அதை ஏன் அச்சிட வேண்டும்? கைக்குட்டை, மெத்தை உறை, நாப்கினில் கொடியை அச்சிடக் கூடாது என்கிற விதிக்கு என்ன காரணமோ அதே காரணம் இதற்கும் பொருந்தும். மூவர்ண நூல் முறுக்கிய சாதாரணப் பட்டு ராக்கி போதும், கவரில் தட்டையாகவும் போகும். கல் வைத்ததும் ஸ்பாஞ்ச் வைத்ததும் தபாலில் நசுங்கி, பிசின் விட்டு வரும். குங்குமத்தைக் காகிதப் பொட்டலமாக வைத்தால் கவர் முழுக்கச் சிவந்துவிடும். சின்ன ஜிப் கவரில் போட்டு, அதை அட்சதையோடு இன்னொரு கவரில் போடுங்கள். சென்னைக்கோ மதுரைக்கோ பத்து நாள் முன்னதாகவே ஸ்பீட் போஸ்டில் சேர்த்துவிட வேண்டும். ஆவணி அவிட்டக்காரர்களுக்குப் பெரும்பாலும் அதே பௌர்ணமி என்பதால், காலையில் வீடியோ காலில் தங்கை எவ்வளவு கூப்பிட்டாலும் அண்ணன் காமோகார்ஷீத் ஜபம் முடித்துத்தான் எடுப்பார். ராக்கியோடு இரண்டு ஜோடிப் பூணூலும் வைத்து அனுப்புகிற தங்கைக்குத் தனி மதிப்பு.

பெரியவர்களுக்குக் கொடுக்க டப்பாவைவிட நல்ல பொருள் உண்டு. 150×100 கதர் மேசைக் கொடியும் மரத்தாலோ பித்தளையாலோ ஆன தாங்கியும். தாத்தாவின் மேசையில் கண்ணாடி, மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் அது வருடம் முழுவதும் நிற்கும். வாங்கும்போது தாங்கியின் அடி கனமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிளாஸ்டிக் அடி என்றால் ஃபேன் ஓடினாலே சாயும், கொடி தரையில் விழும். சக்கரத்தின் விட்டம் இதில் 25 மில்லிமீட்டர்தான் என்பதால் அச்சு பிசகினால் உடனே தெரிந்துவிடும். பத்துப் பார்த்து ஒன்று எடுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

மூவர்ண பர்பியில் பச்சை அடுக்கைப் பார்த்தே கடையை எடை போட்டுவிடலாம். பிஸ்தா அரைத்துப் போட்டது மங்கலான, கொஞ்சம் பழுப்பு கலந்த பச்சையாக இருக்கும். கிளிப்பச்சை என்றால் சாயம். 2024 மார்ச்சில் கர்நாடக அரசு பஞ்சுமிட்டாய்க்கும் கோபி மஞ்சூரியனுக்கும் செயற்கை நிறத்தைத் தடை செய்தபின்னும் இனிப்புத் தட்டுகள் இந்த ஒரு வாரம் கண்ணைப் பறிக்கின்றன. வீட்டிலேயே செய்ய நினைத்தால் தேங்காய் பர்பி மாவை மூன்றாகப் பிரித்து, ஒன்றில் பாலில் ஊறிய குங்குமப்பூவும் வதக்கி அரைத்த கேரட்டும், ஒன்றில் பிஸ்தா விழுது. கேரட்டில் ஈரம் அதிகம். அந்தப் பங்கை மட்டும் அடுப்பில் இன்னும் ஐந்து நிமிடம் சுருள விட வேண்டும், இல்லாவிட்டால் வில்லை போடும்போது அந்த அடுக்கு மட்டும் வழுக்கிக்கொண்டு நகரும். காவி அடுக்கு மேலே வர வேண்டும் என்பதால் தட்டில் முதலில் போட வேண்டியது பச்சை.